தானாக விரிந்து நிற்கும் புத்தகம்

குழந்தைக்குக் குரோஷா கற்றுத்தர ஒரு புத்தகம் வாங்கப் போகிறீர்களா? கடையில் அதைப் படித்துப் பார்ப்பதற்கு முன், மேசைமேல் விரித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பக்கம் தானாக மூடிக்கொண்டால் அது பின்னல் புத்தகம் அல்ல. பின்னும் பிள்ளைக்கு ஒரு கையில் ஊசி, மறு கையில் நூல். பக்கத்தைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை ஏது? சுருள்கம்பி போட்ட புத்தகமே இதற்கு உத்தமம்.

அடுத்தது படம். பிரெஞ்சுத் தையல்நூல் நிறுவனமான டி.எம்.சி.யோடு இணைந்து பணியாற்றிய தெரேஸ் த தில்மோன், 1886-இல் ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் குரோஷாப் பகுதியில் வரும் கோட்டோவியங்களை இன்று பார்த்தாலும் கண் அகலாது. எந்த விரலின்மேல் நூல் ஓடுகிறது, ஊசியின் கொக்கி எந்தக் கண்ணிக்குள் நுழைகிறது என்பதெல்லாம் கோடுகளிலேயே தெளிந்துவிடும். வண்ணப் புகைப்படம் வந்த பிறகு பல புத்தகங்கள் இந்தத் தெளிவை இழந்தன. கறுப்பு நூலிலோ, மயிர் சிலிர்த்த கம்பளியிலோ பின்னிக் காட்டினால் கண்ணியே தெரியாது. வெளிர் நிற நூலில், புதிதாகப் போடும் கண்ணியை மட்டும் வேறு நிறத்தில் காட்டுவதுதான் நல்ல புத்தகம்.

படத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மணிக்கட்டு பக்கத்தின் அடியிலும் விரல்நுனி மேலேயும் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை தன் கையைக் காண்பது அப்படித்தான். எதிரே உட்கார்ந்தவர் கையைக் காட்டும் படத்தை அது மனத்துக்குள் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பிள்ளைகள் அங்கேயே சலித்துவிடுவார்கள். இடக்கைப் பிள்ளைக்கென்று தனிப்படம் தந்திருந்தால், அந்த ஆசிரியர் குழந்தைகளோடு பழகியவர் என்று நம்பலாம்.

பாடங்களின் வரிசையில்தான் ஆசிரியரின் கைப்பக்குவம் தெரியும். முதலில் வெறும் சங்கிலி. அதைக் கையில் சுற்றினால் ஒரு காப்பு. அன்றைக்கே ஒரு பொருள் முடிந்த மகிழ்ச்சி. பிறகு சின்னச் சதுரம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுக்குவார்கள்: வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிட, சதுரம் மெல்ல முக்கோணமாகக் குறுகும். இந்த ஓரத்துக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, வரிசைக்கு வரிசை எண்ணச் சொல்லும் புத்தகம் பொன்னானது. அப்புறம் வட்டம். 6 கண்ணியில் தொடங்கி 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் தட்டு தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும். ஆறாம் வாய்ப்பாட்டை விரலால் படிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அமிகுருமி எனப்படும் ஜப்பானியப் பின்னல் பொம்மைகள் அழகுதான். ஆனால் அவை இரண்டாவது புத்தகத்துக்கு உரியவை.

பிரிக்கும் பாடம் முதல் பக்கங்களிலேயே வந்துவிட வேண்டும். குரோஷாவில் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. தப்பு நேர்ந்தால் நூலை இழுத்து, வேண்டிய இடம்வரை பிரித்துக்கொள்ளலாம். 'அவுத்துட்டு மறுக்கா போடு கண்ணு' என்று நம்மூர் அத்தைகள் சொல்லும் அந்தத் தொனி புத்தகத்திலும் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்கப் புத்தகத்தில் 'சிங்கிள் குரோஷே' எனப்படுவது பிரிட்டிஷ் புத்தகத்தில் 'டபுள் குரோஷே'. அமெரிக்கரின் 'டபுள்' பிரிட்டிஷாருக்கு 'டிரெபிள்'. புத்தகம் ஒரு நாட்டினுடையது, யூடியூப் காணொளி இன்னொரு நாட்டினுடையது என்றால் குழந்தை குழம்பும். எந்த முறை என்பதை முன்பக்கத்திலேயே சொல்லும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

நூலுக்கு நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கிய ஊர் கோவை. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆனால் தறிக்குப் போகும் 40-ஆம் நம்பர் நூல் பிஞ்சுக் கைக்கு ஆகாது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். குழந்தைக்குத் தடித்த பருத்தி நூலும் 5 மி.மீ. ஊசியும் போதும். மேலைப் புத்தகங்கள் கம்பளி சொல்லும். நம் வெயிலுக்கும் வியர்க்கும் உள்ளங்கைக்கும் பருத்தியே இதம்.

அதுவும் வேண்டாமென்றால் பழைய திருப்பூர் பனியன் இருக்கவே இருக்கிறது. குழாயாகப் பின்னிய துணியில் தைத்த பனியனுக்குப் பக்கத் தையல் இருக்காது. அக்குளுக்குக் கீழே 2 செ.மீ. அகலத்தில் சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டி இழுத்தால், ஓரங்கள் சுருண்டு கயிறாகிவிடும். 10 மி.மீ. ஊசியால் பின்னினால் ஒவ்வொரு கண்ணியும் பெரிதாகத் தெரியும். முதல் பாடத்துக்கு இதைவிடத் தோதான நூல் கிடையாது.

ஆங்கிலத்தில் கெல்லி ரான்சியின் 'கிட்ஸ் குரோஷே' (2005) போலக் குழந்தைகளுக்கென்றே எழுதியவை உண்டு. நம் பிள்ளைக்கு நம் பேச்சில், பனியன் நாடாவில் தொடங்கும் புத்தகம் வேண்டும். அதற்கு முன்மாதிரி இங்கேயே உண்டு. திருப்பூரில் பிறந்த கல்வியாளர் அவிநாசிலிங்கம் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் அதற்காகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். குழந்தைக்கு எதையும் தமிழில் சொல்லலாம் என்று காட்டிய மண் இது. கோவைப் பதிப்பாளர்களே, நாற்பது பக்கம் போதும். சுருள்கம்பி மட்டும் மறக்காமல் போடுங்கள்.