உக்கிய மரத்தைச் சுற்றி நிற்பவர்கள்

லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்களிடம் ஒக்டோபர் மாதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளப் போகிறார்கள், பின்னேரமே இருட்டிவிடும், ஹீட்டர் போட்டால் காஸ் பில் ஏறும் என்று புலம்பல்தான் வரும். நானும் அந்தக் கோஷ்டியில் இருந்தவள்தான். இப்போதோ ஓகஸ்ட் முடிய முன்பே வானிலை அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போது மழை பெய்யும் என்று தவம் கிடக்கிறேன். காரணம், காளான். காளான் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் என்று சொன்னால் இன்னும் சரி. பிரித்தானியப் பூஞ்சணவியல் சங்கமும், அதோடு ஒட்டி ஊர் ஊராக இயங்கும் குழுக்களும் என்னை முழுதாக விழுங்கிவிட்டன. எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை.

1896இல் யோர்க்‌ஷயரில் செல்பி என்ற ஊரில் தொடங்கிய சங்கம் இது. ஆய்விதழ்கள் வெளியிடுகிறது, மாணவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கிறது, மாநாடு கூட்டுகிறது. அதெல்லாம் எல்லாச் சங்கங்களும் செய்வதுதான். ஆனால் இலையுதிர் காலம் வந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவது, கண்டதையெல்லாம் பதிவது, பெயர் தெரியாவிட்டால் தெரியும்வரை சண்டை பிடிப்பது என்ற பழக்கத்தை 120 வருடங்களுக்கு மேலாக விடாமல் வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் நான் அடிமை.

நான் போவது எப்பிங் காட்டுக்கு. சென்ட்ரல் லைனில் லவுட்டனில் இறங்கி நடந்தால் காடு. எங்கள் குழுவை நடத்திச் செல்பவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவர் அவருக்குப் பின்னால் பவ்வியமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வருவார். காட்டைச் சுற்றி நடக்கப் போகிறோம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கார் நிறுத்துமிடத்தையே தாண்டமாட்டோம். விழுந்து கிடக்கும் ஒரு பீச் மரத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் முழங்காலில் நிற்போம். நாயோடு உலாப் போகிறவர்கள் எங்களை விலத்திக்கொண்டு போவார்கள்.

பேர்ச் மரத்தடியில் வெள்ளைப் புள்ளி வைத்த சிவப்புக் குடை நிற்கும். பிள்ளைகளின் கதைப்புத்தகத்தில் வருகிற அதே காளான். புதிதாக வந்தவர்கள் பாய்ந்து போய்ப் படம் எடுப்பார்கள். பழைய ஆட்களோ “வடிவாய்த்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடக்கும் குச்சியை எடுத்து அதிலுள்ள ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகளைக் கைவில்லையால் பார்த்து மெய்மறந்து நிற்பார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இப்போது நானும் குச்சி பொறுக்குகிறேன்.

வாசனைகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு மழை நாளில், சாம்பல் பூத்த மங்கல் நிறத்தில் கிடந்த ஒரு சிறு காளானைச் சாரதி எடுத்து என் மூக்கருகே நீட்டினார். தேங்காய்! இப்போதுதான் துருவி வைத்த தேங்காயின் மணம். விறைக்கும் குளிரில், இங்கிலாந்துக் காட்டின் நடுவில். பால்காளான் என்ற வகையைச் சேர்ந்தது அது, செவுளைக் கீறினால் வெள்ளைப் பால் சொட்டும். அந்த வகையிலேயே செங்கபில நிறத்தில் இன்னொன்று இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை, காயக் காய வெந்தய மணம் எழும்பும். அப்படி ஒரு மாதிரியைக் காயவைக்கும் பொறுப்பு ஒருமுறை என் தலையில் விழுந்தது. சமையலறையில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த அக்கா சப்பாத்தைக் கழற்ற முன்பே “என்னடி, மீன் குழம்பா?” என்று கேட்டாள். பெருஞ்சீரகம் மணக்கும் நீலப்பச்சைக் காளானும் உண்டு. அழுகிய இறைச்சியாக நாறி இலையான்களைக் கூப்பிட்டு, அவற்றின் காலில் வித்திகளை ஒட்டி அனுப்புகிற ஒன்றும் உண்டு. அதைக் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்போது பாருங்கள்.

மத்தியானத்துக்கு மேல் மண்டபத்தில் நடப்பதுதான் உண்மையான திருவிழா. மேசைகளில் தட்டுத் தட்டாகக் காளான்கள், ஓரத்தில் நுணுக்குக்காட்டிகள், நடுவில் தேத்தண்ணீர்க் கேத்தல். காளானின் குடையை வெட்டிக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தால் மூடி, விடியும்வரை விட்டால், உதிர்ந்த வித்திகள் செவுள்களின் அச்சைக் காகிதத்தில் பதித்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, துருக் கபிலம், கறுப்பு. அந்த நிறம் தெரியாமல் பாதிக் காளான்களுக்குப் பெயரே சொல்ல முடியாது.

இந்த நிறம் உயிர் காக்கும் விஷயம். எங்கள் ஊர்களில் வைக்கோற் போரில் முளைக்குமே, கறிக்கு அத்தனை ருசியான காளான், அதைப் போலவே இளம் பருவத்தில் தோற்றமளிக்கும் ஒன்று இங்கே ஓக் மரத்தடியில் முளைக்கும். உலகில் காளான் விஷத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது அதுதான். வைக்கோல் காளானின் வித்தி இளஞ்சிவப்பு, இதன் வித்தி வெள்ளை. அவித்தாலும் பொரித்தாலும் விஷம் போகாது. தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வயிற்றைப் பிரட்டத் தொடங்கும். பிறகு சுகமாகிவிட்டது போலத் தெரியும். அதற்குள் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் ஊர்க் காளான் என்று நம்பி இதைச் சமைத்து இறந்த சம்பவங்கள் வேறு நாடுகளில் நடந்திருக்கின்றன. சங்கத்தார் இதைச் சொல்லும்போது நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். எங்கள் சனத்துக்கு யாராவது தமிழில் சொல்ல வேண்டுமே.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். டீ.என்.ஏ. ஆராய்ச்சி வந்ததிலிருந்து லத்தீன் பெயர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பாடுபட்டு மனப்பாடம் செய்த பெயர் மறுவருடம் செல்லாக்காசு. கிழவர்கள் இதைப்பற்றிச் சண்டை பிடிப்பதைப் பார்ப்பது மட்டும் தனி ஆனந்தம்.

சங்கத்தின் சரித்திரமும் என்னை மயக்கிவிட்டது. முயல் கதைகள் எழுதிய பியட்ரிக்ஸ் பொட்டர் காளான்களை அற்புதமாக வரைந்தவர், வித்தி முளைப்பதை ஆராய்ந்தவர். 1897இல் அவருடைய கட்டுரை லண்டனில் லின்னேயன் என்ற இயற்கை அறிவியல் சங்கத்துக்குப் போனது. பெண் என்பதால் அவர் அங்கே நுழைய முடியாது. கட்டுரையைச் சமர்ப்பித்தவர் ஜோர்ஜ் மாசி, எங்கள் சங்கத்தின் முதல் தலைவர். எங்கள் சங்கத்தில் தொடக்கத்திலிருந்தே பெண்கள் உறுப்பினர். 1907இல் ஆனி லொரெய்ன் ஸ்மித் தலைவராகவே வந்துவிட்டார். பிறகு இரண்டுமுறை தலைவராக இருந்த குலியெல்மா லிஸ்டர் வாழ்ந்த இடம் லேட்டன்ஸ்டோன், அதே சென்ட்ரல் லைன்! அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை.

இனி மரங்களையும் பயிர்களையும் தாக்கும் நோய்களுக்கு வருகிறேன். காளான் என்றால் குடை மட்டும் என்று நினைத்திருந்தவளுக்கு இவர்கள் இலைகளைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சிக்கமோர் இலையில் தார் தெறித்தது போன்ற கறுப்புத் திட்டு, தோட்டத்து ஹொலிஹொக் செடியில் துரு, எல்லாமே பூஞ்சணம்தான். 2012இல் இந்த நாட்டில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நோய் இன்று ஆஷ் மரங்களை நாடு முழுக்கக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் ஒருநாள் சாரதி என்னை ஆஷ் மரத்தடியில் குனியவைத்தார். போன வருடம் விழுந்து கறுத்துப்போன இலைக்காம்புகளில் சில மில்லிமீற்றர் உயரத்தில் வெள்ளைக் கிண்ணங்கள். கைவில்லையில் அத்தனை அழகு. அவ்வளவு பெரிய மரத்தைச் சாய்க்கும் வித்திகள் அவற்றுக்குள் இருந்துதான் காற்றில் ஏறுகின்றன. தாக்குப்பிடிக்கிற மரங்களும் சில உண்டு, அவற்றின் விதைகளை எடுத்து வளர்க்கிறார்கள்.

இப்படி ஒரு இலை நோய் என் குடும்பக் கதையிலும் உண்டு. நான் இலங்கை மலையகத்து ஹப்புத்தளைக்காரி. எங்கள் முன்னோர் கோப்பித் தோட்ட வேலைக்காக மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் ஒன்று தோன்றியது. பேராதனைப் பூங்காவின் த்வெயிட்ஸ் என்பவர் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தவர் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார். அயர்லாந்தைப் பட்டினி போட்ட உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் நுண்ணுயிர்தான் என்று 1846லேயே வாதாடிய அதே ஆள். 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இலங்கைக்கு வந்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் பறக்கும் வித்திகளைப் பிடித்தார். அவை முளைத்து இலையின் வாய்த்துளை வழியாக உள்ளே நுழைவதைக் காட்டினார். காடழித்து மலை முழுக்க ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்றும் எழுதினார். கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் வந்து திரும்பிப் போனால் போதும், தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். வந்தவர்கள் தோட்டத்து லயன் குடியிருப்புகளிலேயே தங்கிப்போனார்கள். என் குடும்பம் மலையகத்துக் குடும்பம் ஆனதில் அந்தச் செம்மஞ்சள் தூளுக்குப் பெரிய பங்கு உண்டு. மார்ஷல் வார்ட் பிற்காலத்தில் எங்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார் என்று ஒரு கூட்டத்தில் யாரோ போகிற போக்கில் சொன்னபோது நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன்.

பெர்க்லி தன் சேகரிப்பை 1879இல் கியூ பூங்காவுக்குக் கொடுத்தார். அங்குள்ள பூஞ்சணச் சேமிப்பகத்தில் இன்று 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. அப்படியும் உலகத்துப் பூஞ்சணங்களில் பத்தில் ஒன்றுக்குக்கூட இன்னும் பெயர் வைத்தாகவில்லை என்கிறார்கள் கியூ விஞ்ஞானிகள். ஆகவே எங்கள் வேலை இப்போதைக்கு முடியாது!

2013இலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் சங்கம் நாடு முழுக்கப் பூஞ்சண நாள் நடத்துகிறது. பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். போத்தலில் வைத்த குதிரைச் சாணத்தில் முளைத்த நூலளவுப் பூஞ்சணம், வெளிச்சத்தைக் குறிபார்த்து வித்திப் பொதியை இரண்டு மீற்றர் தூரத்துக்குச் சுடும். டீவியில் இதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

போகும்போது பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நனையாத சப்பாத்தும் வேண்டும். கூடை கொண்டுபோகாதீர்கள். எப்பிங் காட்டில் காளான் பறிப்பது சட்டப்படி குற்றம், எங்கள் குழு சில மாதிரிகளை எடுப்பதும் அனுமதி வாங்கித்தான். சமைக்கிற எண்ணத்தையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஆங்கிலம் தடுமாறும், லத்தீன் தெரியாது என்று தயங்க வேண்டாம், அங்கே எல்லோரும் முழங்காலில்தான் நிற்கிறார்கள்.