ஆசியோ போட்டா தாளம் வந்துடுமா?

வியாசர்பாடியில் எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தம்பி ஒருத்தன் கானா பாடுறவன். தாத்தாவோட பதினாறாம் நாளுக்குன்னு ஒரு பாட்டு எழுதி, வீட்டு லேப்டாப்பிலேயே பதிவு பண்ணியிருந்தான். கூட்டாளி வாசிச்ச டோலக்கை முதல்ல பதிவு பண்ணிட்டு, அதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே மேல குரல். திருப்பிக் கேட்டா குரல் முழுக்கத் தாளத்துக்குப் பின்னாடி இழுக்குது. நாலு டேக் எடுத்திருக்கான், நாலும் அப்படித்தான். "மேடைல ஒரு வாட்டி கூட தப்பினது இல்லணா. வீட்ல இன்னான்னே தெரில, தாளம் நிக்க மாட்டுது" என்றான். விசேஷத்துக்கு மூணு நாள் இருந்தது.

யாரோ "ஆசியோ ஃபார் ஆல் போடு, சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. போட்டதும் டக் டக்னு சத்தம் வேற சேர்ந்துடுச்சு. வீட்டில் இசைப்பதிவு பண்ணுற யாரைக் கேட்டாலும் இந்த அறிவுரைதான் வருது. இதில் பாதி சரி. தப்பான பாதியைப் பத்தித்தான் இந்தக் குறிப்பு.

முதல்ல கொஞ்சம் வரலாறு. விண்டோஸில் டிரைவர் வகைன்னு மெனுவைத் திறந்தா எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வாசபி, ஆசியோன்னு வரிசையா நிக்கும். எம்எம்இ 1990களின் தொடக்கத்து சரக்கு. டைரக்ட்சவுண்ட் 1995இல் விளையாட்டு மென்பொருளுக்காக வந்தது. விஸ்டாவோட 2007இல் வாசபி வந்த பிறகு, பழைய ரெண்டும் அதுக்கு மேல போட்ட மாடி மாதிரிதான். இவங்க எல்லாருக்கும் வெளியே, க்யூபேஸ் தயாரிக்கிற ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997 வாக்கில் கொண்டுவந்தது ஆசியோ. விண்டோஸின் மிக்ஸரைத் தொடாம, சவுண்ட் கார்டுக்கும் மென்பொருளுக்கும் நேர்வழி. ஆனா அந்த டிரைவரை கார்டு தயாரிச்சவங்களே எழுதித் தரணும். ஆசியோ ஃபார் ஆல் அப்படி எழுதினது இல்ல. விண்டோஸின் சாதாரண டிரைவருக்கு மேல ஆசியோ சட்டை போட்டு விடுற ஒரு போர்வை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தாமதம்னு ஒரே வார்த்தையில் சொல்லுற இடத்துல ரெண்டு தனித்தனி பிரச்சினை இருக்கு. ஒண்ணு, பாடும்போது உங்க குரலே உங்களுக்கு லேட்டா கேக்கறது. இன்னொண்ணு, சரியாப் பாடின குரலை மென்பொருள் டைம்லைனில் லேட்டான இடத்துல வைக்கறது. முதலாவதுக்கு பஃபர் சின்னதா இருக்கணும். ரெண்டாவதுக்கு பஃபர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் பரவாயில்ல, தாமதம் எவ்வளவுன்னு மென்பொருளுக்குத் தெரிஞ்சா போதும், அந்த அளவுக்கு முன்னால நகர்த்தி வெச்சிடும். நல்ல ஆசியோ டிரைவரோட பெரிய உதவியே இந்த எண்ணை மென்பொருளுக்குச் சொல்லுறதுதான். வேகத்தைப் பத்திப் பேசுற அளவுக்கு இதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

தம்பி பயன்படுத்தினது ஆடாசிட்டி, எம்எம்இ. ஆடாசிட்டி இந்தத் திருத்தத்துக்கு -130 மில்லிசெகண்ட்னு ஒரு பொது எண்ணை வெச்சிருக்கும். அது அவன் மெஷினுக்குத் தெரிஞ்ச எண் இல்ல, ஒரு ஊகம்.

டேக்கைப் பெரிசாக்கிப் பார்த்தோம். ஹெட்ஃபோன் சத்தம் ஜாஸ்தியா வெச்சிருந்ததால, டோலக் லேசாக் கசிஞ்சு குரல் பதிவுக்குள்ளேயே விழுந்திருந்தது. நல்லதாப் போச்சு! அசல் டோலக்கோட அடியையும் இந்தக் கசிவோட அடியையும் பக்கத்துல வெச்சா, கசிவு 87 மில்லிசெகண்ட் பின்னால இருக்கு. குரலோ கசிவு மேல அச்சு அசலா உக்காந்திருக்கு. அதாவது காதுல எப்போ கேட்டதோ அப்போ சரியாப் பாடியிருக்கான். இடம் மாத்தி வெச்சது மென்பொருள். பாட்டு கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு 120 அடி, அடியில் கால் பங்கு 125 மில்லிசெகண்ட். 87 தப்பினா யாருக்கும் காதுல குத்தும்.

பாட்டு முடியுற இடத்துல அதே இடைவெளி 95 ஆகியிருந்தது. மைக் யூஎஸ்பி, ஹெட்ஃபோன் லேப்டாப் ஓட்டையில். ரெண்டுக்கும் தனித்தனி கடிகாரம், ஒண்ணு இம்மி வேகமா ஓடும். மூணே முக்கால் நிமிஷத்துல 8 மில்லிசெகண்ட் விலகல். இந்த ரெண்டையும் ஒரே சாதனம் மாதிரி ஆசியோ ஃபார் ஆலில் சேர்த்துக் கட்டினா, டக் டக் வராம என்ன வரும்?

சரி, குறைஞ்ச தாமதம்னு ஓடுறாங்களே, எவ்வளவு வேணும்? சத்தம் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். மரண கானாவில் பாடுறவரும் மோளக்காரரும் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னா காத்துலயே 6 மில்லிசெகண்ட் போயிடுது, யாரும் தாளம் தப்பல. 48,000 சாம்பிள் வேகத்துல 256 பஃபர்னா ஒரு பக்கத்துக்கு 5.3. அதை 64க்கு இறக்கி 1.3 ஆக்கினேன்னு பெருமைப்படுறவங்க, பழைய லேப்டாப்பில் அதுக்கு விலையா சத்த உடைசலைத்தான் வாங்குறாங்க. சொந்தக் குரல் மட்டும் விதிவிலக்கு. எலும்பு வழியா உடனே கேக்கிற குரலும், ஹெட்ஃபோனில் சில மில்லிசெகண்ட் கழிச்சு வர்ற குரலும் கலந்தா, குழாய்க்குள்ள பாடுற மாதிரி இருக்கும். அதுக்கும் மருந்து மைக்லயே இருக்கு: ஹெட்ஃபோன் ஓட்டை உள்ள யூஎஸ்பி மைக் நிறைய, மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கே போகாம காதுக்குத் தரும்.

ஆசியோ வேண்டாம்னு நான் சொல்லல. கீபோர்டைத் தட்டி மென்பொருள் வழியா மோளம் வாசிக்கறவங்களுக்கும், கிடார் எஃபெக்டைக் கம்ப்யூட்டரில் போட்டு வாசிக்கறவங்களுக்கும் அது வேணும். அதுக்கு, கம்பெனியே டிரைவர் தர்ற இன்டர்ஃபேஸ் வாங்கணும். ப்ளூடூத் நெக்பேண்டில் கேட்டுக்கிட்டுப் பாடுறவங்களுக்கு எந்த டிரைவரும் உதவாது. (மேக் வெச்சிருக்கறவங்களுக்கு கோர் ஆடியோ ஒண்ணுதான், மெனுவே கிடையாது. லினக்ஸ்காரங்களுக்கு ஜாக், பைப்வயர்னு தனிக் கதை.)

எனக்குக் கோபம் மெனு மேலதான். கானாவை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கம் மேடையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடினதுக்கப்புறம், இந்தப் பக்கத்துப் பசங்க நிறைய பேருக்கு சொந்தமாப் பதிவு பண்ணணும்னு ஆசை. அவங்க முன்னாடி நாலு புரியாத எழுத்துச் சுருக்கத்தை வெச்சுட்டு, தப்பானா பாடகனுக்கே தாளம் வரலன்னு நம்ப வைக்குது. ஒரு கிளிக் சத்தத்தை அனுப்பி வாங்கி தானே அளந்துக்கிட்டா என்ன? சில மென்பொருள் அதையும் செய்யுது.

ஆசியோ ஃபார் ஆலைக் கழட்டிட்டு, ஹெட்ஃபோனை மைக்லயே செருகி, வாசபிக்கு மாத்தினோம். ஹெட்ஃபோனை மைக் மேல கவுத்து மெட்ரோனோமைப் பதிவு பண்ணி, மூணு வாட்டி அளந்தோம். மூணும் ஒண்ணா வந்தது. அந்த எண்ணைத் திருத்தத்துல போட்டாச்சு, அடுத்த பாட்டுக்கு.

இந்தப் பாட்டுக்கு மறுபடி பாட விடல. மூணாவது டேக்கை 87 முன்னால நகர்த்தி, கடைசி சரணத்தை மட்டும் வெட்டி இன்னும் 7 நகர்த்தினோம். பதினாறாம் நாள் தெருவில் அதுதான் ஓடுச்சு.