விஞ்ஞானியரும் கடவுட் கொள்கையும்

விஞ்ஞானிகளுள் இத்துணையர் கடவுளை நம்புகின்றனர் எனக் கணக்குக் காட்டிச் சைவத்துக்குச் சான்று தேடுவார் நம்மவருள்ளும் உளர். அக்கணக்குகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க உளநூற் பேராசிரியர் ஜேம்ஸ் லூபா என்பார் 1914-இல் அந்நாட்டு விஞ்ஞானிகள் 1,000 பேருக்கு வினா விடுத்து, அதன் முடிபை 1916-இல் நூலாக வெளியிட்டனர். விடை தந்தோருள் கடவுளை நம்பினோர் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். 1996-இல் லார்சன், விதாம் என்னும் இருவர் அவ்வினாவையே மீட்டும் விடுத்தபொழுதும் தொகை ஏறக்குறைய அவ்வளவே. ஆயின், 1998-இல் அவ்விருவர் வெளியிட்ட பிறிதொரு கணக்கின்படி, அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்து உறுப்பினருள் நம்பினோர் நூற்றுக்கு 7 பேரே. முன்னதைக் காட்டி மகிழ்வாரும் பின்னதைக் கேட்டு வருந்துவாரும் வினாவின் இயல்பை நோக்கிலர்.

அவ்வினாவிற் குறித்த கடவுள், மக்களோடு தொடர்புகொண்டு வேண்டுதலுக்கு விடை தருபவன் என்னும் அளவினனே. உயிர்க்குயிராய் நின்று ஐந்தொழில் இயற்றி, இருவினைக்கீடாகப் பயனூட்டி, மலம் நீக்கி வீடருளும் பதியின் இயல்பு ஆண்டு வினவப்பட்டிலது. ஆகலின், இல்லை என்றவர் பதியுண்மையை ஆராய்ந்து மறுத்தவருமல்லர். உண்டு என்றவர் சைவத்துக்குச் சான்றாவாருமல்லர்.

இத்துறையில் எலெய்ன் எக்லண்ட் என்னும் சமூகநூற் பேராசிரியை 2010-இல் வெளியிட்ட நூல் கருதற்பாலது. உயர்தரப் பல்கலைக்கழகங்கள் 21-இல் ஏறத்தாழ 1,700 பேரை வினாவியும், 275 பேரோடு தனித்தனியே உரையாடியும் எழுதப்பட்டது அது. கடவுள் இல்லை என்றார் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர். அறியோம், அறிதற்கு வழியுமில்லை என்றார் 30 பேர். பசுஞான பாசஞானங்களாற் பதி அறியப்படான் என்பது நமக்கும் உடன்பாடே. ஆயின் வழியே இல்லை என்பது பொருந்தாது. சிவஞானபோதம் முதற் சூத்திரம் காரியமாகிய உலகுகொண்டு கருதலளவையாற் பதியுண்மை நாட்டும். ஒன்பதாஞ் சூத்திரம் பதிஞானத்தால் அவனைக் காணுமாறு உணர்த்தும்.

அந்நூலின் முடிபுகளுள் நாம் போற்றிக் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பெரும்பாலோர் சமயத்தை விட்டமைக்கு விஞ்ஞானப் பயிற்சி காரணமன்று. சமயப் பற்றில்லாத இல்லத்தில் வளர்ந்தமையே பெரியதோர் ஏது என்பதே அது. திருநீறு அணிவியாதும் திருமுறை பயிற்றாதும் வளர்த்த மகவைக் கல்லூரி கெடுத்ததென்று பின்னர்ப் பழித்தல் முறையாமோ? விஞ்ஞானியரிடம் நற்சான்று வேண்டி நிற்கும் நிலையிற் சைவம் இல்லை. அதனை மைந்தர்க்கு ஊட்டும் கடப்பாடு நம் இல்லங்களுக்கே உரியது என்க.

திருச்சிற்றம்பலம்.