ஏற்காடு சாலையில் ஒரு பாங்காக்

உல்லாசமாக ஊர் சுற்ற வெளிநாடு போன இடத்தில் உயிருக்கே ஆபத்து வருகிற தமிழ்ப் படம் எது என்று கேட்டால், முதலில் வாயில் வருகிற பெயர் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. 1973 மே 11 அன்று வெளிவந்தது. மின்னலின் ஆற்றலைப் பிடித்து அடக்க வழி கண்ட விஞ்ஞானி முருகன், அந்த ரகசியம் கெட்டவர்கள் கையில் சிக்கினால் உலகம் தாங்காது என்று பயந்து அதை ஒளித்துவைத்துவிட்டு, காதலி விமலாவோடு பயணம் கிளம்புகிறான். ரகசியத்துக்கு ஆசைப்பட்ட இன்னொரு விஞ்ஞானி பைரவன் விடாமல் பின்தொடர்கிறான். எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய இந்தப் படத்தை எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பவன் நான். ஆனாலும் இந்த வகைக் கதையின் ருசியை என் நாக்கில் முதலில் தடவியவை சேலம் ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸின் படங்கள்.

அவர்கள் 1966இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தார்கள். ஜெய்சங்கர் துப்பறியும் அதிகாரி, இயக்கம் ஆர்.சுந்தரம், இசை வேதா. அதன் மூலம் இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு பிரெஞ்சுப் படம். ழான் புரூஸ் என்ற நாவலாசிரியர் 1949இல் படைத்த ஓ.எஸ்.எஸ். 117 என்ற உளவாளியின் கதை அது. எழுத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு நாலு வயது மூத்தவன் அந்த உளவாளி. கதை நடக்கிற ஊர் பாங்காக். சேலத்துக்காரர்கள் விமானம் ஏறவில்லை. கதையை வண்டி ஏற்றிக் கொண்டுவந்து நம் மண்ணில் இறக்கிவிட்டார்கள். நாலு வருடம் கழித்து எம்.ஜி.ஆர். படப்பிடிப்புக் குழுவோடு நிஜமான பாங்காக்குக்கே போனார். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து பார்க்கிறபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உல்லாசம் எப்படி இருக்கும் என்பதை எம்.ஜி.ஆர். அறிந்திருந்தார். பயம் எப்படி வரும் என்பதைச் சேலம் அறிந்திருந்தது.

சேலத்துக்கு அந்த ஞானம் சும்மா வரவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸை 1935இல் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற திருச்செங்கோட்டுக்காரர். நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். அந்நிய ஊரில் தனியாக நடப்பது என்றால் என்ன என்று அனுபவித்துத் தெரிந்த மனிதர். திரும்பி வந்து அவர் கட்டிய ஸ்டுடியோவில் எழுத்தாளரும் நடிகரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள், குறித்த நேரத்தில் வேலை தொடங்கியது, நூறு படங்களுக்கு மேல் வெளிவந்தன. 1950இல் எடுத்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் எம்.என்.நம்பியாருக்குப் பதினொரு வேடம். யார் யார் என்று தெரியாமல் ஒரு முகத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிற பழக்கத்தை நம் கொட்டகைகளுக்குக் கற்றுக்கொடுத்த படம் என்று அதைச் சொல்வேன். 1952இல் அமெரிக்கர்கள் ஒரு குழுவாக வந்து சுந்தரத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தார்கள். ராட் கேமரன், சீசர் ரோமரோ, மேரி விண்ட்சர் எல்லாம் நடித்த படம். நம் காட்டுக்குள் ரோமம் அடர்ந்த பண்டைய யானைகள் இன்னும் உலவுகின்றன என்பது கதை. ஹாலிவுட்டுக்கு நம் பக்கம்தான் ஆபத்து பதுங்கியிருக்கிற வெளிநாடு! இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பயம் எப்படித் தெரியும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று இரண்டையும் கையாண்டு பார்த்த ஸ்டுடியோ இது.

1963இல் சுந்தரம் காலமான பிறகு மகன் ராமசுந்தரம் என்கிற ஆர்.சுந்தரம் பொறுப்பேற்றார். ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘எதிரிகள் ஜாக்கிரதை’, ‘நான்கு கில்லாடிகள்’ என்று வரிசையாக வந்தன. 1970இல் வந்த ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்துக்கும் மூலம் ஓ.எஸ்.எஸ். 117தான், அசலில் பிரேசில் நாட்டின் பாஹியா, இங்கே நம் மலை. இவற்றைத் தழுவல் என்று சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதையை எங்கிருந்தும் எடுக்கலாம். பயத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது; அதை எடுக்கிற இடத்தில்தான் செய்தாக வேண்டும். அந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் என் ஈடுபாடு எல்லாம்.

ஏற்காடு மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பினால் அதே சாலை நேராக அடிவாரத்துக்குப் போய்விடும். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். துரத்தல் காட்சிக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது. சமவெளிச் சாலையில் துரத்துகிறவனைக் காட்ட வேண்டுமென்றால் கேமரா திரும்பிப் பார்க்க வேண்டும், அல்லது கண்ணாடியைக் காட்ட வேண்டும். மலைப்பாதையில் அது தேவையில்லை. மேல் வளைவில் போகிறவனும் கீழ் வளைவில் வருகிறவனும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். கீழே விளக்கு வெளிச்சம் ஒன்று தெரியும், பாறை மறைக்கும், மறுபடி தெரிகிறபோது ஒரு வளைவு நெருங்கியிருக்கும். வேகம் கூட வேண்டியதில்லை. இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற கார்தான், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏனென்றால் மலைப்பாதையில் விலகிப் போக சந்து கிடையாது. ஏறித்தான் ஆக வேண்டும், ஏறினால் மேலே யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. கறுப்பு வெள்ளையில் இந்த வெளிச்சமும் மறைப்பும் இன்னும் துல்லியமாக விழுகின்றன. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏறிய அதே பாதையை இரவில், விளக்கு அணைத்த காரோடு, திரையில் பார்த்த சேலத்து ரசிகனுக்கு அந்தப் பயம் ஊரார் பயமாக இல்லை. அவனுடைய வளைவு அது. அடுத்த முறை பேருந்தில் போகும்போது அந்தத் திருப்பத்தில் அவன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கத்தான் செய்வான்.

இந்த வகைக் கதையின் உயிர்நிலை இதுதான் என்று நினைக்கிறேன். ஓர் இடத்தை முதலில் நிம்மதியாகக் காட்ட வேண்டும், பிறகு அதே இடத்தை ஓடுகிறவன் கண்ணால் காட்ட வேண்டும். சந்தையும் அதேதான், படிக்கட்டும் அதேதான், தேநீர் கொண்டுவரும் பையனும் அதேதான். மாறியது பார்வை மட்டும். ஹிட்ச்காக் இதை 1956இல் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தில் மராகேஷ் நகரத்தில் செய்துகாட்டினார். அமெரிக்க மருத்துவர் ஒருவர் மனைவி மகனோடு விடுமுறைக்கு வந்திருக்கிறார். அரபு உடையில், முதுகில் கத்தியோடு ஒருவன் சந்தைக்குள் தள்ளாடி வந்து அவர் மேல் விழுகிறான். தாங்கிப் பிடிக்கிற மருத்துவரின் விரல்களில் அவன் முகத்தின் பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, உள்ளே வெள்ளைக்காரன். சுற்றுலா பார்க்க வந்த நகரம் அந்த ஒரு கணத்தில் வேறு நகரமாகிவிடுகிறது. நகரத்தில் ஒரு செங்கல் கூட இடம் மாறவில்லை.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ இந்த இரண்டில் முதல் பாதியை அபாரமாகச் செய்த படம். ஒசாகாவில் 1970 மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த ‘எக்ஸ்போ 70’ உலகக் கண்காட்சி, ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று எம்.ஜி.ஆர். கேமராவோடு சுற்றியதில் இன்றைக்கும் வாடாத புத்துணர்ச்சி இருக்கிறது. அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். சேலம் மாவட்டத்துத் தறிக்காரருக்கும் லாரி ஓட்டுநருக்கும் வெளிநாடு என்பது வானொலியில் கேட்கும் பெயர் மட்டும். அவர்களுக்கு அந்த மனிதர் கண்காட்சியின் கூடாரங்களையும் நகரும் கூட்டத்தையும் வண்ணத்தில் கொண்டுவந்து கொட்டினார். அந்தக் காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னணியில் நடக்கிறவர்கள். தமிழ்நாட்டில் ஒரு தெருமுனையில் இறங்கினால் ஊரே திரண்டு போக்குவரத்து நின்றுவிடும் முகம் அது. ஒசாகாவில் பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். அவர் ஆடிப்பாடுவதை யாரோ ஒரு வழிப்போக்கர் ஒரு நொடி வியப்போடு பார்த்துவிட்டு நகர்கிறார். நமக்குக் காவலாக இருந்த ஒன்று அங்கே கழன்று விழுந்துவிட்டது போல ஒரு கூச்சம் ஏற்படுகிறது. எம்.ஜி.ஆரை யாருக்கும் தெரியாத ஊர்! அந்தத் தனிமையே ஒரு திகில். படத்தில் திட்டமிட்டு வைத்த எந்தத் திகிலையும்விட அது என்னை அதிகம் தொட்டிருக்கிறது.

அந்த முகத்தை இரட்டை வேடமாக வைத்ததும் நல்ல யோசனை. விஞ்ஞானி முருகன் சித்தம் கலங்கி எதிரிகளிடம் சிக்குகிறான்; தம்பி ராஜு, துப்பறியும் அதிகாரி, அவனைத் தேடி அதே ஊர்களுக்கு வருகிறான். அண்ணன் சுற்றிப்பார்த்த உலகத்தைத் தம்பி சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சொன்ன அந்த இரண்டு பார்வைகளும் திரைக்கதையில் இருக்கின்றன. ஆனால் படமாக்கியதில் ஆபத்து வருகிற நேரம் ஊர் பெரும்பாலும் விலகிக்கொள்கிறது. பாட்டுக்கு நிஜமான வீதி, சண்டைக்கு அரங்கம். ஒசாகாவும் பைரவனும் ஒரே சட்டத்துக்குள் நின்று நம்மைப் பார்ப்பது அரிது. செலவும் அனுமதியும் நாள்கணக்கும் அப்படித்தான் விட்டிருக்கும். அன்றைய நிலைமையில் அவர் கொண்டுவந்த அளவே பெரிது. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அங்கே ஒரு வாய்ப்பு கைநழுவியது என்பதை உணராமல் அந்தப் படத்தை முழுதாக ரசித்ததாகச் சொல்ல முடியாது.

படத்துக்குப் பயம் தேவைப்பட்ட இடங்களில் யாரைக் கூப்பிட்டார் என்று பாருங்கள். பைரவனாக எஸ்.ஏ.அசோகன். கூடவே ஆர்.எஸ்.மனோகர், நம்பியார். மூவரும் சேலத்துப் பட்டறையில் தேய்ந்து கூர்மையானவர்கள். அசோகனும் மனோகரும் ‘வல்லவனுக்கு வல்லவன்’ படத்தில் இருந்தவர்கள், மனோகர் 1960இல் ‘கைதி கண்ணாயிர’மாகவே வந்தவர், நம்பியாரின் பதினொரு வேடத்தை மேலே சொன்னேன். எம்.ஜி.ஆரும் ‘மந்திரிகுமாரி’, ‘சர்வாதிகாரி’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று ஏற்காடு சாலையில் பல மாதங்கள் வேலை செய்தவர். உலகம் சுற்றக் கிளம்பியபோதும் பயத்துக்கு அவர் நாடியது சேலத்தில் பழகிய முகங்களை.

ஹிட்ச்காக்கின் மருத்துவருக்கும் முருகனுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. அந்த அமெரிக்கர் ஒன்றும் அறியாதவர். ஆபத்து அந்நிய ஊரில் காத்திருந்து அவர் மேல் விழுகிறது. முருகன் ஆபத்தை மூட்டையில் கட்டிக்கொண்டே கிளம்புகிறான். ரகசியமும் இங்கிருந்து போனது, பகைவனும் இங்கிருந்தே போனவன். 1978இல் வந்த ‘ப்ரியா’விலும் இதே அமைப்பு. சுஜாதாவின் நாவலில் லண்டன், எஸ்.பி.முத்துராமனின் படத்தில் சிங்கப்பூர். ஊர் மாறினாலும் நடிகையைத் துரத்துகிற கஷ்டம் உள்ளூரிலிருந்து கூடவே வந்தது. நம் கதைகளில் வெளிநாட்டுக்காரன் பெரும்பாலும் நல்லவனாகவே இருக்கிறான். உறவிலும் தொழிலிலும் பகைத்தவன்தான் கடல் தாண்டியும் வருகிறான். வேற்று இனத்தான் என்றாலே பயம் என்று காட்டி எளிதாக வேலையை முடித்துக்கொண்ட மேல்நாட்டுப் படங்களைவிட இது நேர்மையான பார்வை. நான் தமிழ்ப் பக்கமே நிற்கிறேன்.

‘உலகம் சுற்றும் வாலிபன்’ முடிகிறபோது அடுத்த தயாரிப்பு ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று அறிவிப்பு வரும். அந்தப் படம் வரவேயில்லை. வந்திருந்தால், ஓடுகிறவன் கண்ணால் ஊரைக் காட்டுகிற அந்த இரண்டாம் பாதிக் கலையும் எம்.ஜி.ஆருக்குக் கைகூடியிருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. இன்று அதற்கு ஆட்கள் எங்கள் பக்கமே தயாராக இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எந்த மாநிலத்திலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு நிற்கின்றன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி வைத்திருக்காத தெரு குறைவு. மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கண் மூடாமல் படுத்திருந்த அனுபவம் இந்தக் குடும்பங்களில் ஒருவருக்காவது இருக்கும். பின்னால் வருகிற வண்டி தன் வழியில் வருகிறதா, தன்னைத் தொடர்ந்து வருகிறதா என்பதை விளக்கின் நடத்தையை வைத்தே சொல்லிவிடுகிற ஓட்டுநர்கள் அவர்கள். இப்போது அவர்கள் பிள்ளைகள் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் சுற்றுலா போகிறார்கள்.

அப்படி ஒருவரை நாயகனாக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதரைப் பாங்காக் நெடுஞ்சாலையில் இரவு நேர வாடகைக் காரின் பின்சீட்டில் உட்கார வையுங்கள். வண்டி ஓட்டுவது வேறு ஒருவன், அவனிடம் பேசப் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. பகலில் பேரம் பேசிச் சிரித்த அதே கடைத்தெருவைத்தான் கார் கடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியில் அரைமணி நேரமாக ஒரே விளக்கு, அதே இடைவெளியில். பக்கத்தில் மனைவி தூங்குகிறார். எழுப்பிச் சொல்வதா, விடுதி வரும்வரை பொறுப்பதா என்று அவர் யோசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தை இயக்குநர் வெட்டாமல் வைத்திருக்க வேண்டும்.