உரையைப் பற்றிய உரை

'முதலில் இதைப் பார்ப்போம்', 'மேலே சொன்னது போல', 'ஒருவேளை இப்படியும் இருக்கலாம்': இவற்றில் கட்டுரையின் பொருள் என்று எதுவும் இல்லை. படிக்கிறவர் வழி தவறாமலிருக்க எழுதுகிறவர் இடையிடையே பேசும் பேச்சு இது. செல்லிக் ஹாரிஸ் 1959இல் இதற்கு 'மெட்டாடிஸ்கோர்ஸ்' என்று பெயரிட்டார். மீயுரை என்று தமிழில் சொல்லலாம். நன்னூலின் 32 உத்திகளில் 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' இரண்டையும் பாடம் கேட்டவர்களுக்கு இது அந்நியமான சரக்கு அல்ல.

வில்லியம் வாண்டே கோப்பிள் 1985இல் மீயுரையை ஏழு வகையாகப் பிரித்தார். ஏவன் கிறிஸ்மோரும் அவருடன் உழைத்தவர்களும் 1993இல் அமெரிக்க, பின்லாந்து மாணவர்களின் வாதக் கட்டுரைகளை ஒப்பிட்டார்கள். இன்று செல்வாக்கோடு நிற்பது கென் ஹைலண்டின் சிந்தனைப் பள்ளி. வாசகரை உரைக்குள் வழிநடத்துவன, வாசகரோடு உறவாடுவன என்று இரு பிரிவு. ஒவ்வொன்றிலும் ஐந்து வகை. ஹைலண்டும் பாலி சேயும் ஹாங்காங் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய 240 முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளை, ஏறத்தாழ 40 இலட்சம் சொற்களை, இந்தச் சட்டகத்தில் வைத்து 2004இல் ஆராய்ந்தார்கள். முனைவர் பட்ட ஏடுகளில் மீயுரை கூடுதலாக இருந்தது.

ஸ்வீடனின் அன்னெலி ஏடல் வேறு பள்ளி. உரை தன்னையோ, தன்னை எழுதுகிறவரையோ படிக்கிறவரையோ சுட்டும் இடம் மட்டுமே அவருக்கு மீயுரை. 'பெர்ஹாப்ஸ்' (ஒருவேளை) என்ற சொல் ஹைலண்டின் கணக்கில் ஏறும். ஏடலின் கணக்கில் ஏறாது. சிறிய வேறுபாடு போலத் தெரியும். ஆனால் முடிவுகளையே புரட்டிவிடக்கூடிய வேறுபாடு இது.

அன்னா மவுரானன் 1993இல் பொருளியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டார். பின்லாந்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது, அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிடக் குறைவாகவே மீயுரை ஆண்டார்கள்; வாசகரே ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். நன்னூலார் இதை 'உய்த்துணர வைப்பு' என்றிருப்பார். ஏடல் 2006இல் வெளியிட்ட நூலிலோ, ஸ்வீடிஷ் மாணவர்கள் பிரிட்டிஷ், அமெரிக்க மாணவர்களைவிட மிக அதிகமாக ஆண்டிருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள், எதிரெதிர் முடிவுகள். இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. ஒன்று துறை அறிஞர்களின் ஆய்வுக் கட்டுரை, மற்றது மாணவர்களின் வாதக் கட்டுரை. இரண்டு கணக்குகளும் மீயுரைக்கு வகுத்த எல்லையும் ஒன்றல்ல.

எண்ணிக்கை இன்னோரிடத்திலும் ஏமாற்றும். இந்தராபிரவாட்டும் ஸ்டெஃபென்சனும் 1995இல் இரண்டாம் மொழி மாணவர்களின் 12 கட்டுரைகளை எடுத்து, நல்லவற்றையும் குறையுள்ளவற்றையும் ஒப்பிட்டார்கள். நல்லவற்றில் மீயுரை கூடுதலாக இருந்தது. அதைவிட, பல வகையாகவும் இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பன்மைதான். பத்திக்குப் பத்தி 'மோர்ஓவர்' (மேலும்) என்று தொடங்கும் விடைத்தாளைத் திருத்தியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஹைலண்டும் ஜான் மில்டனும் 1997இல் ஹாங்காங் பள்ளி மாணவர்களிடம் கண்டதும் இதன் இன்னொரு முகம்: ஐயத்தையும் உறுதியையும் அளந்து சொல்லப் போதிய சொற்கள் கையில் இல்லாததால், மாணவர்கள் தேவைக்கு மேல் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஆய்வுகள் பலவற்றில் தராசின் மறுதட்டில் இருப்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் எழுத்து. பெல்ஜியத்தின் லூவேன்-லா-நெவ் நகரில் சில்வியான் கிராஞ்சர் 1990இல் தொடங்கிய, ஆங்கிலம் பயில்வோரின் எழுத்தைத் திரட்டும் தரவகப் பணியின் வழியே 'மிகை', 'குறை' என்னும் சொற்கள் பரவலாயின. ஆனால் ஏடலின் தரவிலேயே பிரிட்டிஷ் மாணவரும் அமெரிக்க மாணவரும் ஒத்துப்போகவில்லை. அப்படியிருக்க, மிகை என்பது யாருக்கு மிகை? ஓர் இளங்கலை மாணவரின் கட்டுரை, அவர் தாய்மொழி ஆங்கிலம் என்பதற்காக மட்டும் அளவுகோலாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா 2006இல் வேறு வழியில் போனார். தாய்மொழிக்காரரோடு ஒப்பிடாமல், பேராசிரியர் கா. சிவத்தம்பி என்ற ஒரே அறிஞரின் மூன்று ஆய்வுக் கட்டுரைகளை அருகருகே வைத்தார்: தமிழில் உள்ளூர் வாசகருக்கு ஒன்று, ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகருக்கு ஒன்று, ஆங்கிலத்தில் வெளிநாட்டு வாசகருக்கு ஒன்று. மூன்றிலும் தொடக்கமும் குரலும் ஒன்றுபோல் இல்லை. தாய்மொழியின் தாக்கம்தான் காரணம் என்றால் இரண்டு ஆங்கிலக் கட்டுரைகளும் ஒத்திருக்க வேண்டுமே. எதிரே இருப்பவர் யார் என்று பார்த்து, அதற்கேற்பச் சிவத்தம்பியே தேர்ந்தெடுத்துக்கொண்ட குரல்கள் அவை.