சிக்கு அவிழும் நேரம்

வாசலில் கிடக்கும் கோலத்தைத் தாண்டித்தான் வீட்டார் வெளியே போகிறார்கள். பால் பாக்கெட் போடுபவர் அதன் ஓரமாகச் சைக்கிளை நிறுத்துகிறார். தெருவில் நடப்பவர் அதற்குத் தருவது ஒன்றிரண்டு நொடி. அந்த நேரத்தில் நாலு பக்கமும் ஒத்திருக்கும் வெள்ளை உரு ஒன்று தெரியும், அவ்வளவுதான். கோட்டைக் கண்ணால் தொட்டு, அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும்வரை கூடவே போகிறவருக்குத்தான் கோலத்தின் முழு ருசி கிடைக்கும்.

முதலில் கையைப் பார்க்க வேண்டும். தெளித்த தண்ணீர் முழுதும் காயுமுன் வேலை தொடங்கிவிடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு சிட்டிகை மாவு. தேர்ந்த விரல் தரையைத் தொடாது. சற்று மேலேயே நிற்க, மாவு மட்டும் இறங்கும். பிடி தளர்ந்தால் கோடு பருக்கும், இறுகினால் அறுந்துபோகும். மிகவும் நைசான மாவு விரலில் ஒட்டித் திட்டுத் திட்டாக விழும் என்பதால், கொஞ்சம் குருணையாக அரைத்த பச்சரிசி மாவையோ கல்மாவையோதான் தேடுகிறார்கள். வளைவில் கையின் வேகம் குறையும். அதற்கேற்பப் பிடியும் இறுக வேண்டும். நல்ல கோலக்காரி இழுத்த கோடு நேரிலும் வளைவிலும் ஒரே தடிமனாக இருக்கும்.

இழைக்கோலத்துக்கு வேறு பொறுமை. ஊறவைத்து அரைத்த அரிசிமாவில் சிறு துணியை நனைத்து உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே ஒழுகவிட்டு இழுப்பார்கள். இழுக்கும்போது மங்கலாகவே தெரியும். காயக் காயத்தான் வெண்மை ஏறும்.

அடுத்தது புள்ளி. கோல நோட்டில் ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரே வரிதான் இருக்கும். நடுவரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் 169. அளவுகோலும் கிடையாது, நூல் பிடிப்பதும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கண் அளவிலேயே விழுகிறது. சிக்குக் கோலம் என்றால் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் ஒவ்வொன்றையும் வளைத்துக்கொண்டு ஓடும். தன்னைத் தானே வெட்டிக் கடக்கும். வந்த வழியில் மட்டும் திரும்பாது.

நின்று பார்ப்பவருக்கு நிறையத் தருவது பூஜை அறைகளில் போடும் ஹிருதய கமலம். இதில் கோடு புள்ளிகளின் மேலேயே போகும். நடுவில் ஒரு புள்ளி. எட்டுத் திசையிலும் திசைக்கு 5 புள்ளி. ஒரு திசையின் முதல் புள்ளியிலிருந்து அடுத்த திசையின் மூன்றாவதுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த திசையின் ஐந்தாவதுக்கு, பிறகு இரண்டு, நான்கு, மறுபடி ஒன்று. முதல் சுற்று முடியும்போது கோடு தொடங்கிய புள்ளியில் சேராது. இரண்டாவதிலும் சேராது. ஐந்தாவது சுற்று முடியும்போது 40 புள்ளிகளையும் தலா ஒருமுறை தொட்டுவிட்டு, முதல் புள்ளியிலேயே வந்து பொருந்தும். இதழ் இதழாகத் தாமரை விரிந்திருக்கும்.

5-க்கும் 8-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாததே இதற்குக் காரணம். பத்துத் திசை வைத்திருந்தால் ஒரே சுற்றில் கோடு மூடிக்கொள்ளும்; மீதிப் புள்ளிகளுக்கு இன்னும் நாலு கோடு வேண்டியிருக்கும். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத பாட்டிகளும் விரலில் வைத்திருந்தார்கள்.

ஆய்வாளர்களும் கோலத்தின் முன் நின்று பார்த்திருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கோலம் ஒன்று அதே விதியால் பெரிதாக வளர்வதை அந்த இலக்கணம் எழுதிக் காட்டியது. பண்டிகை நாளில் வாசலை அடைத்துக் கோலம் போடும் பெண்கள் கையால் செய்துவருவதும் அதுவே.

கோலம் பிறப்பதை முதலிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு, ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டி நல்ல இடம். படமெடுக்கும் கூட்டம் சேருமுன், புள்ளி வைக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும். யாராவது ஒருவருடைய கட்டத்தைத் தேர்ந்துகொண்டு, நடுவரிசையை எண்ணி, கோடு எந்தப் புள்ளியருகே கிளம்புகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். அது திரும்பி வந்து சேரும்வரை அடுத்த கட்டத்துக்கு நகர மனம் வராது.