ஊசி வைத்தியமும் எமது விஞ்ஞான நோக்கும்

"சீனத்து ஊசி வைத்தியம் விஞ்ஞானரீதியாக நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்னும் வாக்கியம் எமது ஏடுகளிலும் மேடைகளிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. அதற்கு மறுதலையாக, "அஃது வெறும் மூடநம்பிக்கை" என ஒரே வீச்சிற் தீர்ப்புக் கூறும் அறிவாளரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒற்றுமையுடையவர்கள். ஆராய்ச்சி அறிக்கைகளை இருவருமே வாசிப்பதில்லை.

இலக்கிய ஏட்டில் இதற்கென்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். மூலத்தைப் பாராது உரையை மட்டும் நம்புவது எம்மவரிடையே நெடுங்காலமாக ஊறிப்போன பழக்கம். குறளிலே அணுவிஞ்ஞானத்தையும் புராணத்திலே ஆகாய விமானத்தையும் கண்டு மகிழும் உரைகாரர் மரபொன்று எமக்குண்டு. பழைய சீன நூல்கள் கூறும் உயிர்ச்சக்தி ஓடும் நாடிகளிலே இன்றைய நரம்பியலைக் காண்பவரும் அம்மரபினரே. ஆதலின் இது திறனாய்வாளனின் வேலைக்குப் புறம்பானதன்று.

மேலும், வன்னியில் வாழும் எமக்கு இது பொழுதுபோக்கு விவாதமுமன்று. புளியங்குளம் 1997ஆம் ஆண்டிலே மாதக்கணக்காகப் போர்க்களமாயிருந்த ஊர். 2009 மே மாதத்திற் போர் முடிந்த பின்னரும் எறிகணைச் சிதறல்களை உடலிலே தாங்கி வயலுக்குச் செல்வோர் இப்பகுதியில் உளர். மிதிவெடியிற் காலை இழந்தவனுக்கு, இல்லாத அப்பாதமே இரவில் நோகின்றது. "மாஸ்டர், உந்த ஊசி வைத்தியத்தாலை நோ மாறுமே?" என்று அவன் கேட்கும்போது, எமது விடை அவன் கைக்காசையும் நம்பிக்கையையும் தொடுகின்றது. அரைகுறை விடை கூற எமக்கு உரிமையில்லை.

முதலில் எமது அணியினரின் கணக்கைப் பார்ப்போம். சீனப் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் சூ லியன், 1951இல் வெளியிட்ட தமது நூலிலே, ஊசியும் சூடும் நரம்பு மண்டலத்தைத் தூண்டுவதனாலேயே பயன் தருகின்றன என விளக்க முற்பட்டார். பழங்கொள்கையைப் பௌதிக அடிப்படையில் வைக்க முயன்ற அத்துணிவு போற்றத்தக்கது. 1938இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற சீன மக்களுக்கு உதவச் சென்ற இந்திய மருத்துவர் ஐவருள் ஒருவர் விஜய் குமார் பாசு. தோழர் கொட்னிஸ் அம்மண்ணிலேயே 1942இல் உயிர்நீத்தார். பாசுவோ 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசி வைத்தியத்தைக் கற்றுக் கல்கத்தாவிலே பரப்பினார். இந்தியாவில் இவ்வைத்தியம் வேரூன்றியது பெரிதும் அவராலேயாகும்.

ஆனால் 1971க்குப் பின் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு யூலையில் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ற்றன் பீக்கிங் நகரில் நோயுற்று, ஏகாதிபத்திய எதிர்ப்பு வைத்தியசாலை எனப் பெயரிடப்பட்டிருந்த இடத்திலே குடல்வளரி அகற்றப்பெற்றார். ஊசி குத்தி விறைக்கச் செய்து, விழிப்பு நிலையில் அவர் வயிற்றைக் கிழித்தனர் என்ற கதை உலகெங்கும் பரவிற்று, இன்றும் பரவுகின்றது. அவர் எழுதியதோ வேறு. சத்திரசிகிச்சை வழக்கமான விறைப்பு மருந்துடனேயே நடந்தது. அதன் பின்னர் வயிற்றுப் பொருமல் வருத்தியபோதே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசிகள் இடப்பட்டன. மூலிகையொன்றைக் கொளுத்தி அவர் வயிற்றருகே சூடு காட்டினர். ஒரு மணி நேரத்துள் பொருமல் தணிந்தது. செஞ்சீனத்தினின்று வந்தது என்பதற்காகவே எம்மவர் மிகைக்கதையை நம்பினர். அதே காரணத்திற்காகவே எதிரணியினர் உண்மைக்கதையையும் நம்ப மறுத்தனர். இரண்டும் வர்க்க உணர்வின் பெயரால் நடந்த சோம்பலே.

இனி உடற்றொழிலியல் ஆராய்ச்சிக்கு வருவோம். பீக்கிங்கிலே ஹான் ஜிஷெங் 1965 முதல் இத்துறையில் உழைத்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட இடத்தில் ஊசியைச் செலுத்தி, மனிதர் நோவைத் தாங்கும் எல்லையை அவர் அளந்தார். அவ்வெல்லை உடனே உயரவில்லை. அரை மணி நேரமளவிற் படிப்படியாக உயர்ந்து, ஊசியை எடுத்த பின்னர் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அவ்விடத்தின் ஆழத்தை விறைப்பு மருந்தினால் முன்னரே விறைக்கச் செய்தபோது பயன் எதுவும் இல்லை. ஆகவே ஊசியின் செய்தி நரம்பு வழியே செல்கின்றது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதனால் இரசாயனப் பொருளொன்று அங்கே தொழிற்படுதல் வேண்டும். ஊசியிட்ட முயலின் மூளைத்தண்டுவட நீரை வேறொரு முயலுக்கு மாற்றியபோது அதற்கும் நோவு குறைந்தமை இக்கருத்தை வலியுறுத்திற்று. 1975இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரில், மூளை தானே சுரக்கும் அபினையொத்த பொருள்கள் கண்டறியப்பட்டன. அடுத்த ஆண்டே ரொறன்ரோவில் புரூஸ் பொமெரன்ஸ், அபினின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் என்னும் மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, ஊசியின் பயன் மறைவதைக் காட்டினார்.

சுண்டெலிக்குச் சீன நாகரிகத்தின்மீது பக்தியில்லை. வைத்தியரின் புகழையும் அது கேள்விப்பட்டதில்லை. எல்லாம் மனப்பிராந்தியே என்போருக்கு இது போதிய விடை. 2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் ஆய்வாளர், ஊசியைத் திருகும் இடத்தில் அடினோசின் என்னும் பொருள் பெருகி அவ்விடத்து நோவு நரம்புகளை அமைதிப்படுத்துவதைச் சுண்டெலிகளிற் கண்டனர். 2021இல் ஹார்வர்டைச் சேர்ந்த கியூபு மாவின் குழுவினர் இன்னொரு படி சென்றனர். சுண்டெலியின் பின்னங்காலில் ஓரிடத்தில் மெல்லிய மின்னூசி இட்டால் மூளை வழியாக அதிரீனற் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி குறைகின்றது; வயிற்றிலே இட்டால் அவ்விளைவு இல்லை. காரணம், காலின் ஆழத்திலுள்ள ஒருவகை நரம்புநார் வயிற்றின் அப்பகுதியில் இல்லாமையே. அதாவது இடம் முக்கியமானதே. ஆயின் அவ்விடத்தை முக்கியமாக்குவது அங்குள்ள நரம்பு; பழைய படங்களில் வரைந்த நாடி அன்று. எமது உரைகாரர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே. பயன் உண்டு என்பதற்கான சான்றை எடுத்துக் கொள்கைக்குச் சான்றாக வைத்துவிடுகின்றனர்.

நெருப்பின் கதை இதைவிட மங்கலானது. மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையை உலர்த்திப் பஞ்சாக்கி, தோலின் மீதோ அருகிலோ கொளுத்துவது சீன, ஜப்பானிய முறை. 1998இல் கார்டினி என்ற இத்தாலிய மருத்துவரும் சீனத் துணைவரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கருவிலே சிசு தலைகீழாகத் திரும்பாத 260 பெண்களுள் பாதிப்பேருக்குக் காலின் சின்னவிரல் ஓரத்தில் இச்சூடு காட்டப்பட்டது. சூடு பெற்றோரில் நூற்றுக்கு 75 பேருக்குச் சிசு திரும்பியது. ஏனையோரில் 48 பேருக்கே. பின்னர் இத்தாலியில் அவரே மீண்டும் முயன்றபோது பலர் சிகிச்சையை ஒழுங்காகத் தொடரவில்லை, ஆய்வு இடையில் நின்றது, வேறுபாடும் தென்படவில்லை. முதலாவதை மேற்கோள் காட்டுவோர் இரண்டாவதைச் சொல்வதில்லை. தவிரவும் சூட்டுக்குப் போலிச் சூடு செய்வது கடினம். சுடுகின்றதா இல்லையா என்பது யாவருக்கும் தெரியும். சூட்டை உணரும் புரதத்தை மிளகாயின் காரத்தைக் கொண்டு கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். எமது தோட்டங்களில் விளையும் மிளகாயின் எரிவும் நெருப்பின் எரிவும் நரம்பினுட் புகும் வாயில் ஒன்றே என்பது எம்மூர் விவசாயிக்கு வியப்பளிக்காது.

சீனத்தை மட்டும் பேசுவது பொருந்தாது. சித்த மருத்துவத்தின் புறமருந்துகள் 32இனுள் சுட்டிகையும் ஒன்று. சிங்கள நாட்டு வைத்தியத்தில் குத்துதலும் சுடுதலும் இணைந்த தனிப் பிரிவே உண்டு. 1970கள் தொட்டுக் களுபோவில அரசாங்க வைத்தியசாலையிலே டாக்டர் அன்ரன் ஜயசூரிய ஊசி வைத்தியத்தை நடத்தி வந்தார். வெளிநாட்டு மருத்துவர் பலர் அங்கு வந்து கற்றனர். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, "எம்மிடமும் முன்பே இருந்தது" என்று மார்தட்டுவதனால் நோவாளிக்கு ஒரு பயனுமில்லை. சூடு வைத்துத் தழும்பு மட்டுமே மிஞ்சிய குழந்தைகளும் எம் மரபிலேயே உளர்.

எமக்கு முக்கியமாகத் தோன்றும் ஆய்வுகள் வேறிரண்டு. 2007இல் ஜேர்மனியில் நாட்பட்ட முதுகு நோவுடைய 1,162 பேரை மூன்றாகப் பிரித்தனர். மரபு கூறும் இடங்களில் ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 47.6 பேர் ஆறு மாதத்தின் பின் தேறினர். வேண்டுமென்றே பிழையான இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 பேர் தேறினர். மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றோரில் தேறியோர் 27.4 பேரே. நாடிக்கொள்கைக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஊசியை முற்றாகத் தள்ளுவோருக்கும் இதில் மகிழ்ச்சி இல்லை.

அடுத்த ஆண்டு ஹார்வர்டின் கப்ற்சக் குழுவினர், குடற்கோளாறுடைய 262 பேரிடம் தோலைத் துளைக்காத போலி ஊசியையே பயன்படுத்தினர். ஒன்றுமே பெறாது காத்திருந்தோரில் நூற்றுக்கு 28 பேர் தமக்குச் சுகமென்றனர். அதிகம் பேசாத வைத்தியரிடம் போலி ஊசி பெற்றோரில் 44 பேர் அவ்வாறு கூறினர். முக்கால் மணி நேரம் பரிவுடன் உரையாடிய வைத்தியரிடம் அதே போலி ஊசி பெற்றோரில் 62 பேர் கூறினர். இவை நோயாளியின் வாய்மொழிக் கணக்குகளே. கட்டியையோ முறிந்த எலும்பையோ பரிவு மாற்றாது. எனினும் நோவென்பது நோவுடையவன் வாய்மொழியன்றி வேறென்ன?

இங்கேதான் உடற்றொழிலியல் சமூகவியலாகின்றது. வெளிநோயாளர் பிரிவிலே காலை முதல் வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கு வைத்தியரின் முகம் சில நிமிடங்களே தெரிகின்றது. வைத்தியரை நாம் குறை கூறவில்லை. அவர் மேசையில் அடுக்கியிருக்கும் துண்டுகளை நாம் கண்டிருக்கிறோம். பணமுள்ளவன் தனியார் நிலையத்திற் படுத்து, அரை மணி நேரம் ஊசியுடன் இளைப்பாறி, தன் கதையைக் கேட்க ஒருவரையும் பெறுகின்றான். அங்கு ஊசியோடு சேர்த்து விற்கப்படும் சரக்கு நேரம். 2022இல் நாடு கடன் நெருக்கடியில் வீழ்ந்து வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டதை மறந்துவிடலாகாது. "ஊசியும் மூலிகையும் இருக்க மருந்தெதற்கு" என்ற பேச்சு அத்தகைய வேளையில் யாருக்கு வசதியாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. மருந்துகளையெல்லாம் எறிந்துவிட்டு விரலால் ஒரு முறை தொட்டாற் போதும் என்று தமிழகத்திலே சிலர் போதிப்பதும், அதனை மக்கள் மருத்துவமென முற்போக்கு வட்டாரத்தாரிற் சிலரே கொண்டாடுவதும் எமக்குக் கவலையளிக்கின்றன. நீரிழிவுக்காரன் இன்சுலினை நிறுத்தினால் என்னவாகும் என்பதை எந்த நாடியும் மாற்றாது.

கால் இழந்த எம்மூரவனுக்கு நாம் கூறும் விடை இதுதான்: நோ குறைய இடமுண்டு, சிதறல் கரையாது, எடுக்கும் மாத்திரையை வைத்தியரைக் கேளாது நிறுத்தாதே, பெருந்தொகை கேட்பவனிடம் போகாதே. இதற்கு மேற் கூறுவதற்கு எம் மக்களிடையே செய்யப்படும் ஆய்வு தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே 1978 முதல் மருத்துவ பீடம் உண்டு. 1984 முதல் சித்த மருத்துவக் கல்வியும் உண்டு. இரு சாராரும் கூடி வவுனியாவிலோ மாங்குளத்திலோ, உறுப்பிழந்தோரின் நோவை மட்டும் எடுத்துக்கொண்டு, மெய்யூசி பெறுவோர், போலியூசியும் உரையாடலும் பெறுவோர், வழக்கமான கவனிப்புப் பெறுவோர் என மூன்றாகப் பிரித்து அளக்கலாம். ஊசியின் விலை அற்பம். ஆனால் பங்குபற்றுவோரின் பஸ் கட்டணத்தையும் ஒரு நாட் கூலியையும் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்தல் வேண்டும். இன்றேல் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வருபவர் மூன்றாம் தடவைக்கு மேல் வரமாட்டார்.